தொண்ணூறு நாள் வெந்நீர்

கொல்கத்தாவுக்குக் குளிர்காலம் விருந்தாளியைப் போல வருவது. டிசம்பரில் வந்து, பிப்ரவரி முடிவில் விடைபெற்றுக்கொள்ளும். சனவரி விடியலில் வெப்பநிலை 13, 14 பாகை அளவுக்கு இறங்கினாலே நகரம் முழுவதும் கம்பளிக்குள் புகுந்துவிடும். சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் தமிழர்கள், காதுவரை குரங்குக் குல்லாய் அணிந்த வங்காளிகளைக் கண்டு முதலாண்டு நகைப்பார்கள். மறு ஆண்டு தாங்களும் ஒன்று வாங்கி அணிந்துகொள்வார்கள். இக்குளிர் நீடிப்பது ஏறத்தாழ தொண்ணூறு நாட்கள். அந்தத் தொண்ணூறு நாட்களில்தான் இந்நகரின் குளியலறைகளில் கீசர்கள் உயிர்பெறுகின்றன. அதே நாட்களில்தான் எங்கள் கிளையில் ஒரு கேள்வியும் தவறாமல் எழுகிறது: “வீட்டில் சோலார் போட்டால் வெந்நீர்ச் செலவு மிச்சமாகுமா? அதற்குக் கடன் கிடைக்குமா?”

சென்ற குளிர்காலத்தில், லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கையில் ஒரு விலைமதிப்புத் தாளுடன் வந்தார். மொட்டைமாடியில் கண்ணாடிக் குழல்களும் தொட்டியும் பொருத்தி வெயிலால் நீரைச் சூடாக்கும் சாதனத்துக்கான தாள் அது. கடைத்தெருவில் அதனைச் சோலார் வாட்டர் ஹீட்டர் என்பர்.

“தம்பி, வாழ்நாள் முழுக்க இலவசமா வெந்நீர் வரும்னு சொல்றாங்க. கடன் எவ்வளவு தருவீங்க?” என்றார்.

“டீச்சர், வருஷத்துல எத்தனை நாள் வெந்நீர்ல குளிப்பீங்க?” என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

அவர் சற்று யோசித்தார். “பொங்கலுக்கு முன்னாடி ஒரு மாசம், பின்னாடி ரெண்டு மாசம். மத்த நாள்ல குழாயைத் திறந்தாலே சுடத்தானே சுடுது?”

இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்த விடையே. சூரிய ஆற்றலை வீட்டுக்குக் கொணர வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஆயினும் வெந்நீருக்கெனத் தனிச் சாதனம் வாங்குவதா, மின்சாரம் தரும் சூரிய மின்தகடு வாங்கி அதைக் கொண்டே கீசரை இயக்குவதா என்பது ஊருக்கு ஊர் விடை மாறும் வினா. கொல்கத்தா வீடுகளுக்கு இன்று பொருந்துவது இரண்டாவதே என்பது நமது கருத்து. அக்கருத்தை வாடிக்கையாளர்கள் தாமே சரிபார்க்கும் வண்ணம் கணக்கோடு முன்வைக்கிறோம்.

வங்கிக்காரர்களுக்குச் சூரிய ஒளியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். 1907ஆம் ஆண்டில் இதே நகருக்கு அரசின் நிதித்துறையில் கணக்கு அதிகாரியாகப் பணியேற்க வந்த ஒரு தமிழ் இளைஞர், அலுவலக நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். பின்னாளில் 1928இல் அக்கழகத்திலேயே ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, அவரும் அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் தொடக்கத்தில் பயன்படுத்திய விளக்கு சூரியனே. சர் சி. வி. இராமனின் மேதைமையில் நமக்குப் பங்கு இல்லை. எனினும் கணக்கேடும் கதிரவனும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்று சொல்லிக்கொள்ள அந்த வரலாறு நமக்குத் துணிவு தருகிறது.

ஒரு வாளியின் கணக்கு

நால்வர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி வெதுவெதுப்பான நீர். குளிர்காலத்தில் மேல்தொட்டி நீர் 20 பாகையில் இருப்பதாகவும், குளிக்க 40 பாகை வேண்டும் என்றும் கொள்வோம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே 80 லிட்டரை 20 பாகை உயர்த்த 1,600 கிலோகலோரி தேவை. ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோகலோரி. வகுத்துப் பார்த்தால் 1.9 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கீசரிலும் குழாயிலும் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 2.25 யூனிட் எனத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

தொண்ணூறு நாட்களுக்கு ஏறத்தாழ 200 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என வைத்தால், ஆண்டுக்கு 1,600 ரூபாய். உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள விலையை 8க்குப் பதிலாக இட்டுப் பாருங்கள், தொகை சற்று ஏறலாம், இறங்கலாம், முடிவு மாறாது.

இனி முதலீட்டுப் பக்கம். 100 லிட்டர் சூரிய வெந்நீர்ச் சாதனத்தின் விலை பொருத்துக்கூலியோடு 25,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 1,600 ரூபாய் மிச்சமானால் முதல் திரும்ப 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அச்சாதனத்தின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான். கடன் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 10 சதவீத வட்டியில் முதலாண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 2,500 ரூபாய். 7 சதவீதமே ஆயினும் 1,750 ரூபாய். மிச்சமாகும் 1,600 ரூபாய் வட்டிக்கே போதவில்லை. அசல் எங்கிருந்து அடையும்?

டீச்சரிடம் காட்டப்பட்ட தாளிலும் சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தது. கூட்டலில் பிழை இல்லை. அது ஆண்டின் 365 நாட்களுக்கும் போடப்பட்ட கணக்கு என்பதே குறை. வைசாக மாதத்து வெயிலில், குழாய் நீரே கையைச் சுடும் வேளையில், மொட்டைமாடியில் மேலும் 100 லிட்டர் வெந்நீர் கொதித்துக்கொண்டிருப்பதை வருமானம் என்று எழுதுவது எவ்வகைக் கணக்கியல்?

வணிகவியல் படித்த எங்களுக்கு இது புதிய பாடம் அன்று. ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே ஓடும் எந்திரத்தின் விலையை அந்த மூன்று மாத உற்பத்தியே சுமக்க வேண்டும். எந்திரம் எவ்வளவு திறமையானது என்பது இரண்டாம் கேள்வி; எத்தனை நாள் ஓடும் என்பதே முதற்கேள்வி.

பெங்களூருக்குப் பொருந்துவது

இவ்வாறு சொல்வதால் சூரிய வெந்நீர்ச் சாதனம் தரக்குறைவானது என்று பொருள் கொள்ளலாகாது. பொறியியல் நோக்கில் அது மின்தகட்டைவிட உயர்ந்தது. தன்மீது விழும் வெயிலில் பாதிக்கு மேற்பட்ட பங்கை வெப்பமாக மாற்ற அதனால் இயலும். மின்தகடு மின்சாரமாக மாற்றுவதோ ஐந்தில் ஒரு பங்கு அளவே. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் அத்தகைய சாதனம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது 1891இல். இன்றைய சிலிக்கான் மின்கலம் அதே நாட்டின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது 1954இல். வயதிலும் வெந்நீர்ச் சாதனமே மூத்தது.

பெங்களூரைப் பாருங்கள். மேட்டு நிலமாகிய அவ்வூரில் ஆண்டின் பெரும்பகுதி காலைகள் குளிர்ந்தே இருக்கும். வெந்நீரில்லாக் குளியல் அங்கு அரிது. கர்நாடக அரசு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்ச் சாதனத்தைக் கட்டாயமாக்கியது; மின்கட்டணத்திலும் சிறு தள்ளுபடி அளிக்கப்பட்டது. மேலே கண்ட அதே குடும்பம் பெங்களூரில் 300 நாட்கள் வெந்நீரில் குளித்தால் 675 யூனிட், 5,400 ரூபாய். அதே 25,000 ரூபாய்ச் சாதனம் ஐந்து ஆண்டுகளுக்குள் தன் விலையைத் தந்துவிடும். சாதனம் ஒன்றே, சூரியன் ஒன்றே, குடும்பமும் ஒன்றே. மாறியது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. பெங்களூரில் உள்ள மகனோ மகளோ பரிந்துரைத்தார் என்பதற்காக கொல்கத்தாவிலும் அதையே வாங்குவது, அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு அணிவிப்பதற்கு ஒப்பாகும்.

ரபிரஷ்மி சொல்லும் பாடம்

கொல்கத்தாவுக்குச் சூரிய வீடுகள் புதியவை அல்ல. நகரின் கிழக்கே நியூ டவுனில் ‘ரபிரஷ்மி’ என்னும் குடியிருப்பு 2008இல் எழுந்தது. கதிரவனின் கதிர் என்பது அப்பெயரின் பொருள். இந்தியாவின் முதல் சூரியக் குடியிருப்பு என்று போற்றப்பட்ட அதனை அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டில் திறந்துவைத்தார். வீட்டுக்கு 2 கிலோவாட் அளவில் மின்தகடுகள். வெந்நீருக்கெனத் தனியே சூரியச் சாதனங்கள். காற்றும் நிழலும் தாமே வீட்டைக் குளிர்விக்கும் வகையிலான கட்டட அமைப்பு. அதற்கும் முன்பே, மின்கம்பி எட்டாத சுந்தரவனப் பகுதியின் சாகர் தீவில் சூரிய மின்நிலையம் அமைத்து விளக்கேற்றிய மாநிலம் மேற்கு வங்கம்.

ரபிரஷ்மி கட்டப்பட்ட காலத்தில் மின்தகடு நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக் கனி. அந்நாளில் வெயிலை வீட்டுக்குக் கொணர விரும்பிய சாமானியருக்கு இருந்த ஒரே எளிய வழி வெந்நீர்ச் சாதனமே. மத்திய அரசும் வட்டி மானியம் தந்தது. வங்கிகளும் குறைந்த வட்டியில் அதற்குக் கடன் வழங்கின. அன்றைய அறிவுரை அன்றைய விலைக்குச் சரியானதே.

ஆனால் 2010 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகச் சந்தையில் மின்தகடுகளின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வெந்நீர்ச் சாதனமோ செம்பும் எஃகும் கண்ணாடியும் கொண்டது. அதன் விலை அவ்வாறு இறங்கவில்லை. விலை மாறியபின்னும் பழைய அறிவுரை மட்டும் வாய்மொழியாகத் தொடர்கிறது. வைப்புநிதி வட்டி மாறினால் மறுநாளே கேட்டறியும் நம் வாடிக்கையாளர்கள், மொட்டைமாடியில் வைக்கும் முதலீட்டுக்கும் அதே விழிப்பைக் காட்ட வேண்டும்.

குளிர்காலத்து உபரி

இனி மின்தகட்டின் கணக்கு. கொல்கத்தாவில் நிழலின்றித் தெற்கு நோக்கிச் சாய்த்த ஒரு கிலோவாட் மின்தகடு, மழைநாளையும் வெயில்நாளையும் சேர்த்துச் சராசரியாக நாளொன்றுக்கு 3.5 முதல் 4 யூனிட் வரை தரும். ஆண்டுக்கு 1,300 யூனிட் எனக் கொள்ளலாம். 2 கிலோவாட்டுக்கு 2,600 யூனிட். அதனை முழுமையாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு, அதே 8 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 20,800 ரூபாய் மிச்சம்.

2 கிலோவாட் அமைப்பின் விலையை 1,30,000 ரூபாய் எனக் கொள்வோம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா, முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் தருகிறது. உச்சவரம்பு 78,000 ரூபாய். ஆகவே 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் போக, குடும்பத்தின் பங்கு 70,000 ரூபாய். மூன்றரை ஆண்டுகளுக்குள் முதல் திரும்பிவிடும். மானியமே இல்லை எனினும் ஆறேகால் ஆண்டுகள். தகடுகளுக்கு 25 ஆண்டுகள் வரை செயல்திறன் உத்தரவாதம் தரப்படுகிறது. இடையில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற நேரிடலாம் என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு தாங்கும்.

அந்த 2,600 யூனிட்டில் வெந்நீருக்குச் செலவாவது 200 யூனிட். பதின்மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய பன்னிரண்டு பங்கும் மின்விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் கோடைக்கால ஏசிக்கும் உதவும். வெந்நீர்ச் சாதனம் செய்யாத வேலை அது.

கொல்கத்தாவின் பருவங்கள் இதற்கு இன்னொரு வகையிலும் துணைபுரிகின்றன. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இந்நகரின் வீடுகள் மின்சாரத்தை விழுங்குகின்றன. துர்கா பூஜை கழிந்து, காளி பூஜையும் கடந்தபின் ஏசிகள் ஓய்கின்றன; டிசம்பரில் மின்விசிறிகளும் நிற்கின்றன. அதே மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். குளிர்ந்த காற்றில் மின்தகடும் செவ்வனே இயங்கும். ஆகவே வீட்டின் தேவை சுருங்கும் வேளையில் கூரையின் விளைச்சல் சுருங்குவதில்லை. 2 கிலோவாட் தகடு குளிர்கால மாதமொன்றில் ஏறத்தாழ 200 யூனிட் தந்தால், கீசருக்குத் தேவைப்படுவது மாதம் 70 யூனிட்டுக்கும் குறைவு. குளிர்காலத்தில் உபரியாக நிற்கும் மின்சாரமே குளிர்காலத்து வெந்நீருக்குப் போதுமானது. அதற்கெனக் கூடுதலாக ஒரு தகடுகூட வாங்க வேண்டியதில்லை.

காலை ஆறு மணிக்குக் குளிப்பவருக்கு நண்பகல் மின்சாரம் எவ்வாறு உதவும் என்ற கேள்வி எழும். இங்கேதான் நெட் மீட்டரிங் எனப்படும் நிகர அளவீடு வருகிறது. வாடிக்கையாளர்களுக்கு அதனை விளக்குவது எளிது; அது மின்சாரச் சேமிப்புக் கணக்கு. நண்பகலில் உபரியை மின்கம்பியில் வரவு வைக்கிறீர்கள், விடியலில் எடுத்துக்கொள்கிறீர்கள், நிகர நிலுவைக்கே கட்டணம். ஆனால் தகட்டின் அளவைப் பொறுத்து வேறு கணக்கீட்டு முறையும் பொருந்தக்கூடும்; உபரிக்குக் கிடைக்கும் மதிப்பும் அதனால் மாறும். ஆகவே உங்கள் இணைப்பு சிஇஎஸ்சியினுடையதாயினும், மாநில மின்விநியோக நிறுவனத்தினுடையதாயினும், முன்பணம் தருவதற்கு முன்னரே அந்நிறுவனத்திடம் எந்த முறை பொருந்தும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வீட்டின் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து, அந்த அளவுக்கு மிகாமல் தகடு வாங்குங்கள். மாதம் 100 யூனிட் செலவிடும் வீட்டுக்கு 1 கிலோவாட்டே போதும். மானியம் கிடைக்கிறதே என்று 3 கிலோவாட் வாங்குவது, தள்ளுபடி விற்பனையில் தேவையற்ற துணி எடுப்பதைப் போன்றது.

மொட்டைமாடி யாருடையது?

இக்கணக்குகளெல்லாம் தனி வீட்டுக்கு உரியவை. கொல்கத்தாவின் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானோர் வாழ்வது ஃபிளாட்டுகளில். அங்கு முதற்சிக்கல் பணமன்று, மொட்டைமாடி. ஒரு கிலோவாட் தகட்டுக்கு நிழலற்ற 100 சதுர அடி வேண்டும். நான்கு மாடிகளில் எட்டுக் குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் போக எஞ்சும் இடத்தில் யாருடைய தகடு எங்கே என்ற கேள்வி, நெடுநாள் நட்பையும் முறித்துவிடும். வடாம் காயவைக்க ஒருவருக்கு, துணி உலர்த்த இன்னொருவருக்கு, மாலையில் உலாவ மற்றொருவருக்கு என்று அம்மாடி ஏற்கெனவே பலருக்குச் சொந்தம். அடுக்கக உடைமை குறித்த 1972ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சட்டமும் கூரையைப் பொதுப்பகுதியில் சேர்த்தே பார்க்கிறது.

எனவே ஃபிளாட் வாசிகளுக்கு நாம் சொல்வது: முதலில் கடன் விண்ணப்பம் வேண்டாம், முதலில் சங்கக் கூட்டம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இடமுண்டு. பொதுப் பயன்பாட்டுக்கான தகடுகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தண்ணீர் ஏற்றும் மோட்டார், மின்தூக்கி, மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் மின்கட்டணம் குறைந்தால் மாதப் பராமரிப்புத் தொகை குறையும், அனைவருக்கும் ஆதாயம். தீர்மானத்தை எழுத்தில் நிறைவேற்றிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழி இசைவை நம்பிக் கடன் பெற்றவர், பின்னர் அண்டை வீட்டாரின் மறுப்பால் தகட்டைக் கழற்ற நேர்ந்தால், தவணை மட்டும் தொடரும்.

மொட்டைமாடியில் பங்கே இல்லாத வாடகைக் குடும்பத்துக்கும் வழியுண்டு. குளிப்பதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன் கீசரைப் போட்டு, குளித்தவுடன் நிறுத்துவது. வெப்பக் குமிழை உச்சத்தில் வைக்காமல் 50 பாகையளவில் வைப்பது. நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்குவது. ஷவரைத் தவிர்த்து வாளியில் குளிப்பது நம் பெரியோர் வழக்கம். இதைவிட மலிவான ஆற்றல் சேமிப்பு வேறில்லை.

புயலும் மின்தடையும்

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் இந்நகரைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன, பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. கோடைதோறும் வரும் கால்பைசாகி சூறைக்காற்றும் எளியதன்று. ஆகவே தகடு வாங்குவோர் தகட்டின் விலையை மட்டும் பேரம்பேசி, தாங்குசட்டத்தை விட்டுவிடக் கூடாது. துருப்பிடிக்காத சட்டம், காங்கிரீட்டில் உறுதியாக ஊன்றிய கால்கள், ஆண்டுக்கொருமுறை திருகாணிச் சோதனை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. வீட்டுக் காப்பீட்டில் தகடும் சேர்ந்துள்ளதா, புயற்சேதம் அடங்குமா என்று கேட்டுப் பெறுங்கள்.

இன்னொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். மின்கம்பியோடு இணைந்த சூரிய அமைப்பு, மின்தடை ஏற்பட்டவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் சீர்செய்யும் ஊழியர்மீது உங்கள் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வகுக்கப்பட்ட பாதுகாப்பு அது. மின்தடையிலும் விளக்கெரிய வேண்டுமெனில் மின்கலத்துடன் கூடிய அமைப்பு வேண்டும், செலவு மிகும். “சோலார் போட்டால் கரண்டே போகாது” என்று யாரேனும் சொன்னால், மின்கலம் எங்கே என்று கேளுங்கள்.

குளிர்காலத்தில் இந்நகரின் காற்றில் புழுதி மிகும். இரு வாரத்துக்கொருமுறை தகட்டைக் கழுவாவிட்டால் விளைச்சல் குறையும். அதற்கு ஏணியில் ஏறும் வேலையை எழுபது வயதினர் தாமே செய்யத் துணிய வேண்டாம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அதனையும் எழுதச் செய்யுங்கள்.

யாருக்கு வெந்நீர்ச் சாதனம்?

இம்மாநிலத்திலேயே வெந்நீர்ச் சாதனம் மிகப் பொருந்தும் இடங்கள் உண்டு. டார்ஜிலிங்கிலும் காலிம்பொங்கிலும் ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும். உறைபனியைத் தாங்கும் வகைச் சாதனம் அங்கு தகும். கொல்கத்தாவிலும் மருத்துவமனைகள், விடுதிகள், உணவகங்கள், பால் பாத்திரங்களை அன்றாடம் கொழுப்பு நீங்கக் கழுவ வேண்டிய இனிப்புக் கடைகள் முதலியவை கோடையிலும் வெந்நீர் செலவிடுபவை. அவற்றுக்கு 300 நாள் கணக்கு பொருந்தும்; அத்தகைய விண்ணப்பங்களை நாங்கள் மனமுவந்து வரவேற்போம். ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்துவோர் மட்டும், குழல்களில் உப்புப் படிவு ஏறாதிருக்க நீரின் கடினத்தன்மையைச் சோதித்தபின் வாங்குவது நலம்.

வங்கியின் கடமை

இறுதியாக எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூர்ய கர் திட்டத்தின்கீழ் 3 கிலோவாட் வரையான அமைப்புக்குப் பிணையின்றிக் குறைந்த வட்டியில் கடன் தரப்படுகிறது. திட்டம் அறிவிக்கப்பட்டபோது அவ்வட்டி ஏறத்தாழ 7 சதவீதம். மானியம் தகடு நிறுவி, ஆய்வு முடிந்தபின்னரே உங்கள் கணக்கில் வரவாகும். அதுவரை முழுத்தொகையையும் சமாளிக்கக் கடன் உதவுகிறது. தேசிய இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனம், உள்நாட்டில் உற்பத்தியான தகடு ஆகிய நிபந்தனைகளையும் மறக்கலாகாது.

ஆனால் கடன் தருவது மட்டுமே எங்கள் பணி என்று நாங்கள் எண்ணிவிடுகிறோம். சம்பளச் சீட்டைப் பார்க்கிறோம். ஓய்வூதியப் புத்தகத்தைப் பார்க்கிறோம். தவணை கட்டும் திறன் உண்டா என்று பார்க்கிறோம். வாங்கும் பொருள் அவ்வீட்டுக்குப் பயன்படுமா என்று கேட்பது அரிது. தவணை தவறாமல் வந்துவிடும் கடனும் தவறான கடனாக இருக்கக்கூடும். ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கழிய, மொட்டைமாடியில் ஒன்பது மாதம் வீணே சுடும் தொட்டி அதற்குச் சான்றாக நிற்கும். எங்கள் ஏட்டில் அது நல்ல கடன். அக்குடும்பத்தின் ஏட்டில் அது நட்டம். இவ்விரு ஏடுகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். சூரியச் சாதனம் எதற்கும் கடன் கேட்டு வருவோரிடம், “ஆண்டில் எத்தனை நாள்?” என்னும் கேள்வியை ஒவ்வொரு கிளையும் முதற்கேள்வியாகக் கேட்க வேண்டும். கிளை கேட்கத் தவறினால், வாடிக்கையாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டீச்சர் அன்று கடன் வாங்காமலே திரும்பினார். இரு வாரம் கழித்து ஓராண்டு மின்கட்டண ரசீதுகளுடனும், தம் கட்டடத்துச் சங்கச் செயலருடனும் மீண்டும் வந்தார். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குகளுக்கும் எத்தனை கிலோவாட் தேவை என்பதைக் கணக்கிட்டுத் தரும்படி செயலர் கேட்டார். வெந்நீருக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று நாங்கள் டீச்சரைக் கேட்டோம். “கீசர் இருக்கே தம்பி, தொண்ணூறு நாள்தானே!” என்றார்.